அரைப் பேர்

அத்தை வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கிறது. ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் மாரியம்மன், இடையில் எண்பது பக்கச் சி.ஆர். கொப்பி. மட்டையின் நீலம் ஊதுவத்திப் புகையில் பழுப்பேறிவிட்டது. கிழிந்த மூலைகளை அத்தை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். சாமிக்கு வைக்கும் குங்குமத்திலேயே அதற்கும் ஒரு பொட்டு. வருடத்துக்கு ஒரு தடவை, என் மச்சான் இறந்த நாளில், அத்தை அதைக் கீழே இறக்கி முந்தானையால் துடைத்து என் மடியில் வைப்பார். நான் வாசிக்க வேண்டும். தேதி, பக்கத்தில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் ஒரு வரி. எல்லாம் என் கையெழுத்து, பதினாறு வயதில் எழுதியது. ‘இன்று நன்றாக இருந்தான். கணக்குச் செய்தான். சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்.’ அடுத்த நாளும் ஏறக்குறைய அதேதான். அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கோயிலில் புராணம் படிக்கக் கேட்பவர்போலக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். ஏழு வருடமாக வாசிக்கிறேன். அதில் இருப்பதில் பாதிக்கு மேல் பொய் என்பது எழுதிய எனக்குத் தெரியும்.

மச்சான் என் அப்பாவின் தங்கை மகன். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள்; அவர்கள் மூன்றாவது காம்பரா, நாங்கள் ஆறாவது. என்னைவிட நாற்பது நாள் இளையவன். எங்கள் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது எங்கள் இருவரையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒரே ஏணையில் போட்டுவிட்டுப் போவார்களாம். ஆயம்மாவுக்கு எது யார் பிள்ளை என்று குழம்பிவிடுமாம். அப்படி ஆரம்பித்தவர்கள் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தோம், இதையும் சேர்ந்தே செய்தோம். ஒன்பதாம் வகுப்பில் மாவாப் புகையிலைப் பொட்டலம். பத்தில் போதை மாத்திரை. எங்களுக்கு அதைக் கொடுத்தது யாரென்று எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் டவுனில் ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரே நாளில் இரண்டு பேர் பையிலும் பிடிபட்டது. கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து கண்டிக்கு அப்பால் ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்குப் போய், மாதக்கணக்கில் கிடந்து, மெலிந்து, உடம்பில் கொஞ்சம் அறிவு திரும்பியவர்களாக வெளியே வந்தோம்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, நிலையத்தில் கிடந்தது எவ்வளவு சுலபம் என்று. படித்த பள்ளிக்கூடம் எங்களுக்கு விடுகைப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அத்தை இரண்டு பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார். என் அம்மாவுக்கு வாய் வராது, அழத்தான் வரும். அதனால் எனக்கும் சேர்த்து அத்தைதான் கெஞ்சினார். “மத்தப் பிள்ளைங்க பெத்தவங்க கேட்டா நான் என்னா சொல்றது?” என்றார் ஓர் அதிபர். இன்னொருவர் பத்திரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. நாங்கள் இருவரும் வாசல் கதவுக்கு வெளியே, அறிவித்தல் பலகையைப் படிப்பதுபோல நின்றுகொண்டிருப்போம். மச்சான் ஒருநாள் என் காதில் சொன்னான்: “எங்கம்மாவ இப்படி நிக்க வச்சதுக்கு அந்தக் கேம்ப்லயே செத்திருக்கலாம்டா.” நான் சிரித்தேன். அந்த வயதில் எதற்கும் சிரித்துத்தானே தப்பிக்க முடியும்.

நான்காவதாகப் போன பள்ளிக்கூடம் எங்களை எடுத்தது. காரணம், அங்கே இருந்த ஆலோசனை டீச்சர். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, லயத்து விளக்கில் படித்து வந்தவர். எங்களைப் போல ஏற்கெனவே இரண்டு பேரை வைத்திருந்தார். மனைப் பொருளியல் அறையில், ஓடாத தையல் மெஷின்களுக்கும் எரியாத அடுப்புக்கும் நடுவே நான்கு மேசை. ஒன்றரைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் நால்வரும் மூன்றரை வரை அங்கே இருந்து, பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சைக்குப் பாடம் படிக்க வேண்டும். மலையில் இருந்து பெற்றோர் இறங்குவதற்கு ஐந்து மணியாகும். பள்ளி விட்டதற்கும் அதற்கும் இடையே உள்ள அந்த நேரத்தில்தான் நாங்கள் கெட்டோம் என்பதை டீச்சர் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தார். “நல்ல பிள்ளைங்களா மாறணும்னு நான் கேக்கல. அதெல்லாம் பெறகு பாப்போம். இன்னிக்குச் சாயங்காலம் ஒங்க வீட்டுப் படிய ஒழுங்கா ஏறணும், அவ்வளவுதான்,” என்றார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கொப்பி. ஒரே தோட்டத்தில் இருந்து வருகிறவர்கள் ஜோடி. ஒருவனுடைய கொப்பியை மற்றவன் எழுத வேண்டும். பள்ளிக்கு வந்து, மூன்றரை வரை இருந்து, சேர்ந்து நடந்து, எதையும் தொடாமல் வீட்டுப் படி ஏறினால் முழுப் பேர். ‘1’ என்று போட வேண்டும். வழியில் பிரிந்து போனால், எதையாவது தொட்டால், அல்லது தொட்டானோ என்று சந்தேகம் வந்தால் அரைப் பேர், ‘½’. “அரைப் பேருக்கு அடி இல்ல, ஏச்சு இல்ல. அரைப் பேர் விழுந்தா நான் ஒங்க வீட்டுக்கு வருவேன். சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போவேன்,” என்றார். எங்களுக்குப் பழகிய சொல்லாக இருக்கட்டும் என்றுதான் தோட்டத்துச் சொல்லை எடுத்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளை. அப்படியிருந்தும் அந்த ஒரு சொல்லில் தவறிவிட்டார்.

தோட்டத்தில் ஓர் ஆளின் ஒருநாள் வேலைக்குப் பெயரே ‘பேர்’தான். வேலைக்குப் போனாயா என்று கேட்க மாட்டார்கள், பேர் விழுந்ததா என்றுதான் கேட்பார்கள். விடியக் காலையில் இருந்து அட்டைக்கடியில் நின்று எடுத்தாலும், மாலையில் கொழுந்து குறித்த எடைக்குக் குறைந்தால் அரைப் பேர். ஓர் ஆள் பாதி ஆளாகிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத கிழவிக்கும் தன் துண்டுச் சீட்டில் ‘½’ எழுதியிருந்தால் எட்டி நின்றே தெரியும். அதைக் கண்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சு இருக்காது. என் அம்மா அரைப் பேர் வாங்கிய நாட்களில் என்னையும் அப்பாவையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். அந்தச் சொல்லில் வளர்ந்த எங்களிடம் வந்து, அரைப் பேர் ஒன்றும் கெட்டதில்லை என்றால் காதில் விழும், மனதில் ஏறுமா?

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி நடுப்பகலில் இறங்கிப் போனால், பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடைக்கு அள்ளிப் போடுவார்கள். கங்காணி வேறுபக்கம் திரும்பிக்கொள்வார். முழுப் பேர் விழும். இதைக் களவென்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைச் செய்யாதவனைத்தான் மனிதனா என்று கேட்பார்கள். நான் பிறந்த வாரத்தில் அம்மாவுக்கு இப்படிப் பேர் போட்ட கங்காணியின் புகழைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். சொந்தக்காரன் என்றால் பேர் போடுகிறவன். எனக்குத் தெரிந்த நல்ல குணம் அது ஒன்றுதான்.

மச்சானுக்கு இந்த நல்ல குணம் இல்லை. நடந்ததை எழுதுவான். மூன்றாவது வாரத்தில், எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சந்தியில் ஓர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நான் பத்து நிமிடம் நின்றேன். அவன் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, மடியில் சமூகக் கல்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். வீட்டுப் படி ஏறியதும் என் கண் முன்னாலேயே எழுதினான்: ‘½. மச்சான் ஆட்டோக்காரனோடு பேசினான். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டவில்லை.’ எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“சொந்தக்காரன்டா நீ! என்னமோ பெரிய கண்டாக்கு மாதிரி எழுதுற!”

“நடந்ததத்தான் எழுதினேன் மச்சான்.”

“எங்கம்மா மேல சத்தியமா, ஒனக்கு நான் ஒருநாளும் அரைப் பேர் போட மாட்டேன். சொந்தம்னா எப்படி இருக்கணும்னு பாத்துக்க.”

அவன் கொப்பியைப் பைக்குள் வைத்தான். கண்டாக்கு என்றால் மலையில் வேலை பார்ப்பவர்களைக் கண்காணிக்கும் உத்தியோகத்தர். அதைவிடப் பெரிய வசவு அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் டீச்சர் நோர்வூட் பஸ்ஸில் வந்து, இரண்டு மைல் மேடேறி, மூச்சு வாங்க எங்கள் காம்பராவுக்கு வந்தார். சொன்னபடியே சும்மா உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது மட்டும், “வழியில என்கூடக் கொஞ்சம் நடக்கிறியா?” என்றார். அந்த நடையில் நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. மச்சான் எனக்கு மொத்தம் நான்கு அரைப் பேர் போட்டான். டீச்சர் நான்கு சனிக்கிழமை வந்தார். அதற்குப் பிறகு, அவர் வந்து உட்கார்ந்திருப்பதைத் தாங்குவதைவிட மாத்திரை இல்லாமல் இருப்பதே சுலபம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு நான் உயிரோடு இருந்து இதை எழுதுவது அந்த நான்கு அரையால்தான். அவற்றைப் போட்டவனோடு அப்போது நான் ஒழுங்காகப் பேசவும் இல்லை.

அவன் எப்படி இருந்தான் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை தின்று செத்த ஒருவனாக மட்டும் நின்றுவிடுவான். படம் பாராமல் இலங்கை வரைவான். பென்சிலை எடுத்தால் பருத்தித்துறையில் தொடங்கி, கை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்து முடிப்பான். பிறகு மகாவலியைப் போடுவான். அது எங்கள் மலையில் பிறந்து வளைந்து திரும்பி எவ்வளவு தூரம் போகிறது என்று விரலால் தடவிக் காட்டுவான். நில அளவைத் திணைக்களத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறினால் போதும், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று வியப்பான். சீனியைக் கரண்டி கரண்டியாக வெறும் வாயில் போட்டுக்கொள்வான். நிலையத்தில் இருந்து வந்த பிறகு அவன் உள்ளங்கை எப்போதும் வியர்த்தே இருக்கும்; வரைந்த படத்தில் கை பட்டு யாழ்ப்பாணம் அழிந்துபோகும், திட்டிக்கொண்டே திரும்ப வரைவான்.

அவன் முதலில் தவறியது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. மடுவத்துச் சந்தியில் நின்று, “நீ நட, அரை மணியில வந்துர்றேன்,” என்றான். வந்தான். கண் இரண்டும் வேறெங்கோ இருந்தன. “அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துரும் மச்சான். இன்னிக்கு மட்டும் பேரப் போட்டுரு,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் போட்டேன். போடும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கு அரை போட்டவனுக்கு நான் முழுசாகப் போடுகிறேன், பார், இதுதான் சொந்தம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கடுத்த தடவை அவன் கேட்கவில்லை, நானாகவே போட்டேன். கேட்காமலே போட்டதால் இன்னும் பெரிய மனிதனாகிவிட்டதாக நினைப்பு. போகப் போக அன்றன்றைக்கு எழுதுவதையும் விட்டேன். வியாழக்கிழமை ஆனால் அந்த வாரத்து வரிகளை ஒரே மூச்சில் எழுதி முடிப்பேன். அவன் என்னோடு வந்த நாளும் ‘சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்’, வராத நாளும் ‘சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்’.

வெள்ளிக்கிழமை தோறும் கொப்பியில் பெற்றோர் அடையாளம் வைக்க வேண்டும். அத்தை கைநாட்டு வைப்பதற்கு முன்னால் எண்களின் மேல் விரலை ஓட்டி, “ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு,” என்று எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு மகனின் தாடையைத் தொட்டு விரல்களை முத்தமிடுவார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். தொடக்கத்தில் அத்தை கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடி நான்கு மணிக்கே மலையில் இருந்து இறங்கி, மகன் வரும்போது வாசலில் நிற்பார். அதனால் அவருக்கே எத்தனையோ நாள் அரைப் பேர் விழுந்தது. வரிசையாக ஒன்றுகளைப் பார்த்த பிறகு, “எம்புள்ள தேறிட்டான், இனி எதுக்கு?” என்று அந்தக் காவலை எடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாரே தவிர மூன்றாவது காம்பராவுக்குப் போகவில்லை. அங்கே போக வேண்டிய தேவையை நான் விட்டு வைக்கவில்லை.

அவன் வரைபடங்கள் பாதியில் நிற்கத் தொடங்கின. கிழக்குக் கரை வரைக்கும் வந்து பென்சிலை வைத்துவிடுவான். மேசையில் தலை சாய்த்துத் தூங்குவான். டீச்சர் கேட்டால், “ராத்திரி படிச்சிருக்கான் டீச்சர்,” என்று நான் சொல்வேன். என் பேச்சை அவர் நம்பினார். நான்கு அரையையும் மறைக்காமல் ஒத்துக்கொண்டு தேறியவன் அல்லவா நான், என்னை நம்பாமல் யாரை நம்புவார்?

ஓ.எல். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணக்கு மாதிரிப் பரீட்சை நடந்தது. அவன் பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தான். திரும்பி வரும்போது பனிமூட்டம் இறங்கி, சந்தியில் இருந்து பார்த்தால் மடுவமே தெரியவில்லை. “நீ போ,” என்றான். அன்றைக்கு எனக்கு என்னவோ பயம் வந்தது. அவன் பையைப் பிடித்து இழுத்தேன். வார் அறுந்து பை என் கையோடு வந்துவிட்டது. அவன் சிரித்தான். “பைய நீயே வச்சுக்க. வந்து வாங்கிக்கிறேன்,” என்று பனிக்குள் போனான். நான் வீட்டுக்கு வந்து, வந்த ஆத்திரத்தில் கொப்பியைத் திறந்து முதல் தடவையாக உண்மையை எழுதினேன்: ‘½. மடுவத்துச் சந்தியில் பிரிந்து போனான்.’ மனம் திருந்தி எழுதவில்லை, கோபத்தில்தான் எழுதினேன். ஐந்து மணிக்கு அத்தை கூடையோடு வந்து, “எங்க அவன்?” என்று கேட்டபோது, “டீச்சர் நிப்பாட்டி வச்சிருக்காங்க அத்தை, வந்துருவான்,” என்றேன். அந்தக் கோபத்திலும் என் வாய் பேர் போடுவதை நிறுத்தவில்லை.

இருட்டிய பிறகு லயமே டார்ச்சோடு தேடியும் பனிக்குள் அவன் கிடைக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனவர்கள் அவனைப் பார்த்தார்கள். கூரைத் தகரம் போய்ப் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம், மழை படாத மூலையில், காலை மடக்கிப் படுத்திருந்தான். மாத்திரையோடு வேறெதையோ குடித்திருந்தான் என்றார்கள். மூச்சு நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது.

டீச்சர் கருமாதிக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் பள்ளியில் திருப்பிக் கொடுத்திருந்த கொப்பியை அத்தையின் கையில் கொடுத்து, “ஒங்க மகன் எவ்வளவோ முயற்சி பண்ணினான்மா. பாருங்க, முழுப் பேர்தான் வாங்கியிருக்கான்,” என்றார். கடைசிப் பக்கத்தை அவர் பார்த்தாரா, பார்க்கும் தெம்பு அவருக்கு இருந்ததா, தெரியாது. நான் கூட்டத்துக்குள் நின்றேன். முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சில நாளில் ஓ.எல். எழுதினேன். பாஸானேன். அடுத்த வருடம் அதே நாளில் அத்தை முதல் தடவையாகக் கொப்பியை என் மடியில் வைத்தபோது, கடைசி வரிக்கு வந்ததும் என் நாக்கு தானாகவே, “சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்,” என்று வாசித்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அப்படியே வாசித்தேன். அவன் எனக்காக எழுதிய கொப்பி என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. அதை நான் திறப்பதில்லை.

இன்றைக்கு நான் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பேர் போடுவதே என் தொழில். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது கொப்பி இல்லை, கையடக்க மெஷின் வந்துவிட்டது. இறங்கிப் போனவளுக்கு அரைதான் போடுவேன், அவள் கூடைக்கு மற்றவர்கள் அள்ளிப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். “கணக்கப்புள்ள மெஷின்ல முழுப் பேருக்குப் பொத்தானே இல்லயாம்டி,” என்று என் காது படவே பேசுகிறார்கள். ஈரமில்லாத பயல் என்று என் அம்மாவே சொல்கிறார். நேர்மையால் அல்ல, கை வரவில்லை. முழுசாக ஒன்று போடப் போனால் பனிக்குள் போகிற ஒரு முதுகு தெரிகிறது.

ஆலோசனை டீச்சர் இப்போது கந்தப்பளைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஒருநாள் போனில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். “பேர்ங்கிற சொல்ல நான் எடுத்திருக்கக் கூடாதுப்பா. நானும் அரைப் பேர் பாத்து வளந்தவதான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றார். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் படித்த அந்த அறையில் இப்போது தையல் மெஷின் மட்டும் இருக்கிறது. போன மாதம் எங்கள் லயத்துப் பெண் ஒருவர், நிலையத்தில் இருந்து திரும்பிய மகளோடு என்னிடம் வந்து, இவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் எடுப்பார்கள் என்று கேட்டார். கையில் விடுகைப் பத்திரம், அதே போல ஒரு பொலித்தீன் பைக்குள். சொல்வதற்கு என்னிடம் ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

இந்த வருடமும் அத்தை கூப்பிட்டார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் ஒரு கிண்ணத்தில் சீனியும் படைத்திருந்தார். வேலையில் இருந்து நின்றுவிட்டார். அடுத்த மாதம் கொழும்புக்கு, அங்கே கட்டிக்கொடுத்த மூத்த மகள் வீட்டோடு போகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது, சாமிப் படங்களும் கொப்பியும் மட்டும் சுவரில் இருந்தன. துடைத்து மடியில் வைத்தார். நான் வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்தது. “சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்,” என்று முடித்தேன்.

அத்தை கண்ணைத் திறந்து, என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்.

“இது என்னா மருமகனே?”

விரலுக்கு அடியில் ‘½’ இருந்தது.

“எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. இது தெரியும். நாப்பது வருசமா என் துண்டுல பாத்தது. இங்க அரை போட்டிருக்கு, நீ சேர்ந்து வந்தோம்னு படிக்கிற. மொத வருசமே பாத்தேன். நீயாச் சொல்லுவ சொல்லுவன்னு இருந்தேன். இப்ப ஊரைவிட்டே போறேன்.”

“அத்தை…”

“இது ஒரு நாளு மட்டுமா? இல்ல, இது ஒண்ணுதான் நெசமா?”

சொன்னேன். சந்தி, மாத்திரை, வியாழக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

“அவன் கேட்டானா, நீயாப் போட்டியா?”

“மொதல்ல அவன் கேட்டான். பெறகு நானாத்தான் போட்டேன் அத்தை.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் எழுந்து போய், மாரியம்மன் படத்துக்குக் கீழே இருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்து கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சரி. எல்லா நாளுமா அவன் போயிருப்பான்? ஒங்கூடவே நடந்து, நெசமாவே முழுசா வந்த நாளும் இருக்கும்ல? அந்த நாளுக்கெல்லாம் ஒரு பொட்டு வையி சாமி. அது போதும். அத மட்டும் வச்சுக்கிறேன்.”

இருந்தன. நிச்சயமாக இருந்தன. சீனியை வாயில் போட்டுக்கொண்டு, மகாவலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காற்றில் வரைந்துகொண்டே அவன் என்னோடு மேடேறிய நாட்கள் இந்தக் கொப்பிக்குள்தான் இருக்கின்றன. விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து தேடினேன். ஒன்று, ஒன்று, ஒன்று. அதே மை, அதே கை, அதே வரி. எந்த நாள் அவனுடையது, எந்த நாள் என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அத்தை எதிரே உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.